நாற்பத்தோராம் கோடு பற்றிய திருத்தம்

செட்டிகுளம் முகாம், வவுனியா மாவட்டம்
2009 ஒக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை

என் பிரியத்துக்குரிய மச்சான் பரமேஸ்,

நீ போய் இன்றோடு ஒரு வருடமும் எட்டு மாதமும் ஒன்பது நாட்களும் ஆகின்றன. இவ்வளவு காலம் கழித்து எழுதுவதற்கு என்னைப் பொறுத்துக்கொள். காகிதம் கிடைக்கவில்லை என்றால் அது பாதி உண்மை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பது மற்றப் பாதி.

உன் அக்கா உயிரோடு இருக்கிறார். நானும் இருக்கிறேன். வேறு விபரங்களை நீ கேட்கமாட்டாய் என்று நினைக்கிறேன். கேட்டாலும் இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. நாங்கள் இருப்பது தறப்பாள் கொட்டில் ஒன்றில். முட்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வீதி. வீதியால் வவுனியா பஸ் போவது தெரிகிறது. ஏறத்தான் முடியாது.

உன் மகள் துளசியின் கடிதம் போன மாதம் 22ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, என் கையில் கிடைத்தது. யாரோ திறந்து வாசித்துவிட்டுத் திரும்ப ஒட்டிய உறை. வருகிற பெப்ரவரியில் உன் இரண்டாம் ஆண்டு நினைவு மலரை அச்சிடப்போகிறாளாம். "மாமா, அப்பாவைப்பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டிருக்கிறாள். இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். நீ கடைசியாகச் செய்து முடித்த கணினி மாதிரியை அடித்தளமாக வைத்து, உன்னோடு வேலைசெய்தவர்கள் பனிக்கு அடியில் கிடக்கும் நிலத்தின் பெரிய படமொன்றை வரையத் தொடங்கிவிட்டார்களாம். அவள் பெருமையோடு எழுதிய அந்த வரியை வாசித்த அன்றே காகிதம் தேடத் தொடங்கினேன்.

ஏனென்றால் அந்த மாதிரியில் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. 2007 நவம்பரில் அதைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து நீ கண்மூடும்வரை அதை உன்னிடம் சேர்ப்பிக்க முயன்று தோற்றேன். ஆகவே துளசி கேட்ட ஒரு பக்கத்தில் இது அடங்காது.

மலரை வாசிக்கப்போகும் நம் உறவினர்களில் பலருக்கு, அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு நீ என்ன செய்தாய் என்பது தெரியாது. 'பரமேஸ் ஐஸில ஏதோ ஆராய்ச்சி' என்பதோடு சரி. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

அந்தாட்டிக்காவில் மலையும் பள்ளமும் பாறையும் எல்லாமே பனிக்கட்டிக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. தோண்டிப் பார்க்க முடியாத ஆழம். ஆனால் பாறையில் இரும்புச் சத்துள்ள காந்தக் கனியம் இருக்கிறது, பனிக்கட்டியில் இல்லை. ஆகவே காந்தத்தை அளக்கும் கருவியை ஒரு விமானத்தில் கட்டி, வயலில் சால் அடிப்பதுபோல் சமாந்தரமான கோடுகளில் பறந்தால், கருவிக்குப் பனி இருப்பதே தெரியாது. அதற்குப் பாறை மட்டுந்தான் தெரியும். பாறை மேலே கிட்ட இருந்தால் அளவீடு ஒடுங்கிய மேடாக எழும்பும். ஆழத்தில் இருந்தால் அகன்று சரிந்து கிடக்கும். மேட்டின் அகலத்தைப் பார்த்து ஆழத்தைச் சொல்லலாம். எங்கே வெறும் அமைதியோ, அங்கே பாறைக்கு மேலே மண்டி படிந்த தடித்த படை இருக்கிறது. அந்த மென்மையான படையில் பனி வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். வன்பாறை குறுக்கே நின்றால் தடுக்கி நிற்கும். பனி எந்த வேகத்தில் கடலுக்குப் போகிறது என்பதில் உலகத்துக்கே அக்கறை இருக்கிறது. அதனால்தான் உன் வேலைக்கு மதிப்பு.

இன்னொன்றும் நீ சொல்லுவாய். ஆதி காலத்தில் நம்முடைய தீவும் அந்தப் பனிக்கண்டத்தின் ஒரு கரையும் ஒட்டிக் கிடந்தனவாம். இந்த முகாமில் கிணறு வெட்டுகிறவர்களின் அலவாங்கு கருங்கல்லில் முட்டும் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. இதன் உறவுப் பாறை அங்கே பனிக்கு அடியில் கிடக்கிறது என்று பக்கத்துக் கொட்டில்காரரிடம் சொன்னேன். "அந்தக் கல்லெண்டாலும் அங்க சுகமாக் கிடக்கட்டும் ஐயா" என்றார்.

நான் கொழும்பில் நிலப்படக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படவரைஞனாக இருந்தவன். விமானம் அளந்து கொண்டுவரும் காந்த எண்களைக் கையால் கோடுகளாக வரைந்தவன். நீ என்னைவிட ஒன்பது வயது இளையவன், படித்தவன், கணினியால் அதே வேலையை ஒரு நொடியில் செய்பவன். ஆனாலும் 2004 யூலை 10, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு அக்கராயனில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாய். போர் ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். தோளில் நீளமான மட்டைக் குழாய் ஒன்று தொங்கியது.

"என்னடா அது, பிள்ளையார் படமோ?" என்று உன் அக்கா கேட்டார்.

"ஓமக்கா. இந்தப் பிள்ளையாருக்கு வாகனம் பிளேன்."

அன்று விரித்த படத்தாள் ஒன்பது நாட்கள் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவில்லை. நாங்கள் மூவரும் குசினியில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். அக்கா தேத்தண்ணியோடு வரும்போதெல்லாம் நான், "தாளுக்குக் கிட்ட வராதை" என்பேன். மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாக்காமல் அடியில என்ன கிடக்கெண்டு எப்பிடியடா சொல்லுவாய்? எனக்குச் செய்து காட்டு."

நீ உன் திசைகாட்டியை எடுத்தாய். அக்கா ஒரு போர்வையை மடித்து அதற்குள் எதையோ ஒளித்தார். திசைகாட்டியை மேலே கொண்டுபோக ஊசி திரும்பியது. "பாக்குவெட்டி" என்றாய். பாக்குவெட்டிதான். அக்கா விடவில்லை, திரும்பி நின்று மீண்டும் ஒளித்தார். ஊசி அசையவில்லை. "ஒண்டும் இல்லை அக்கா" என்றாய். அவர் போர்வையை விரித்துப் பித்தளைக் கரண்டியை எடுத்துக் காட்டினார்.

"பித்தளை காந்தத்துக்குத் தெரியாதக்கா."

"அப்ப உன்ர மிஷினுக்குப் பாதிக் கண் குருடு."

"ஓம். மற்றப் பாதியை அத்தான் பாப்பார். அதுக்குத்தானே வந்தனான்."

அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று பிறகு விளங்கியது. "கணினி எல்லா எண்ணையும் ஒரேமாதிரி நம்பும், அத்தான். உங்கட கண் சந்தேகப்படும். எனக்கு அந்தச் சந்தேகம் வேணும்." இதைக் கேட்டு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருக்கலாமோ?

யூலை 15, வியாழக்கிழமை, நாற்பத்தோராம் பறப்புக்கோட்டுக்கு வந்தோம். அந்தக் கோட்டின் நடுப்பகுதியில் எண்கள் எழும்பி நின்றன. பக்கத்துக் கோடுகளில் ஒன்றுமில்லை. அது உண்மையானால், பெரிய பள்ளம் என்று நீ கருதிய இடத்தின் நடுவே ஒரு பாறைத்தொடர் ஓடுகிறது; பள்ளம் ஒன்றல்ல, இரண்டு.

"அத்தான், இது உண்மைபோல கிடக்கு."

"நிலத்துக்கு உன்ர பிளேன் போற பாதை தெரியுமோ? சரியா அதே பாதையில மலையும் ஓடுமோ?"

எங்கள் தொழிலில் அது பாலபாடம். பறந்த திசையிலேயே ஒரு மேடு ஓடினால், பெரும்பாலும் அது நிலத்தில் இல்லை. அன்றைய அளவீட்டில்தான் இருக்கிறது. அதைச் சரிபார்க்கத்தான் குறுக்குக் கோடுகள் பறப்பார்கள். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும். நாற்பத்தொன்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டின. இரு முனைகளிலும் வெட்டிய இரண்டில் மேடு இல்லை. நடுவில் வெட்டியதில் இருந்தது.

நான் பறப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். நடுக் குறுக்குக் கோடு பறந்த பதிவின் தலையில் டிசம்பர் 14 என்று இருந்தது. தளத்தில் வைத்த கருவியின் பதிவையும் பார்த்தேன். டிசம்பர் 14இல் காந்தப் புயல். சூரியனில் இருந்து வரும் குழப்பம். அன்றைக்கு அளந்த எதையும் நம்பக்கூடாது. "திகதி பார். 14 புயல், 14 பறப்பு. வெட்டு" என்றேன்.

நீ விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "திகதி விசயத்தில உங்களோட ஆர் கதைக்கிறது."

நம் குடும்பத்தில் அது எழுதாத சட்டம். கலியாணத் திகதி, செத்தவீட்டுத் திகதி, ஆர் எப்போது வெளிநாடு போனது, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பார்கள்; நான் சொன்ன பிறகு யாரும் மறுப்பதில்லை. நீயும் மறுக்கவில்லை. நான் அழிறப்பரை எடுத்து நாற்பத்தோராம் கோட்டின் மேட்டைத் தேய்த்து எடுத்தேன். தூளை ஊதினேன். தாள் சுத்தமாக, வடிவாக இருந்தது. அந்தத் தாளின் பிரதியையும் பதிவேட்டின் பிரதியையும் என்னிடம் விட்டுவிட்டு 19ஆம் திகதி புறப்பட்டாய்.

2006 ஓகஸ்டில் போர் திரும்பத் தொடங்கிப் பாதை மூடப்பட்டது. அதன் பிறகு வன்னி என்பது எல்லாப் பக்கமும் தாழ்ப்பாள் போட்ட வீடு. உன் வருத்தம் பற்றிய கடிதம் 2007 ஆவணியில் எழுதப்பட்டு ஐப்பசியில் வந்தது. புற்றுநோய் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க மாதிரியைப்பற்றி எழுதியிருந்தாய். ஒற்றைப் பள்ளமாகவே முடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, அடியில், "அந்த நாற்பத்தொண்டு மட்டும் இன்னும் மனதில கிடக்கு, அத்தான்" என்று சேர்த்திருந்தாய்.

அது எனக்குச் சினத்தைத்தான் தந்தது. உண்மையைச் சொல்லுகிறேன்.

2007 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை காலை. நான் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஆளில்லாத வேவு விமானத்துக்கு எங்கள் சனம் வண்டு என்று பெயர் வைத்திருந்தது. அது வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் நான் குறித்துவைப்பது வழக்கம். முந்திய இரவு பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்து ஒன்று ஐம்பதுக்குப் போயிருந்தது. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இதை எந்தத் திகதியில எழுதுறது?" என்று கேட்டேன்.

"எதை?"

"வண்டை. திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை போனது."

"வந்த திகதியில எழுதுங்கோ."

"அப்ப ஒரு மணிக்கு மேல நிண்டு சுத்தினது எந்தத் திகதி?"

"ஏனப்பா, அது ஒரு குண்டும் போடாமல் போயிட்டுது. அது போதாதோ? அதுக்குச் சாதகமும் எழுதப்போறியளோ?"

பேனை என் கையிலேயே நின்றது. கொழும்பில் எங்கள் காலத்து விமானங்கள் விடியற்காலை ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடும். ஒரு பறப்புக்கு ஒரு திகதி. முப்பத்தொரு வருடமும் நான் வேறொன்றைக் கண்டதில்லை. ஆனால் டிசம்பரில் உன் பனிக்கண்டத்தில் சூரியன் மறைவதே இல்லை. அங்கே நள்ளிரவும் வெளிச்சம். வானிலை நன்றாக இருந்தால் எந்த நேரமும் பறப்பார்கள்.

பதிவேட்டின் பிரதியை அலுமாரியில் இருந்து எடுத்தேன். தலையில் டிசம்பர் 14. விமானம் ஏறிய நேரம் இரவு பதினொன்று பத்து. நடுக் குறுக்குக் கோடு பறந்த நேரம் பன்னிரண்டு ஐம்பது. அதாவது டிசம்பர் 15. புயல் 14ஆம் திகதி இரவு பதினொன்றுக்கே அடங்கிவிட்டது. நான் வெட்டியெறிந்த கோடு அமைதியான வானத்தில் அளந்தது. மூன்று நாட்கள் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். நாற்பத்தொன்றின் மேடு அசையவில்லை.

ஒரு நாளும் மேலே ஏறாவிட்டாலும் வாழ்நாள் முழுக்க மேலே இருந்து பார்த்தவன் நான், மச்சான். தாளில் எண்களைப் பார்த்து, அடியில் கிடப்பது இன்னது என்று தீர்ப்புச் சொன்னவன். அந்த நாட்களில் தலைக்கு மேல் வண்டு சுற்ற, பங்கருக்குள் இருந்துகொண்டு நினைப்பேன்: மேலே இருப்பவனின் தாளில் நாங்கள் என்னவாகத் தெரிகிறோம்? அங்கேயும் ஒருவர் அழிறப்பரோடு இருக்கிறாரோ?

உனக்குச் சொல்லவேண்டும். அதற்கு நான் வன்னியை விட்டு வெளியே போகவேண்டும், அல்லது குரல் போகவேண்டும். நவம்பர் 26, திங்கட்கிழமை, வெளியே போவதற்கான பாஸ் எடுக்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நடுத்தர வயது, மரியாதையானவர்.

"என்ன காரணத்துக்குப் போறியள் ஐயா?"

"மைத்துனருக்குக் கடும் வருத்தம். அவருக்கு ஒரு திருத்தம் சொல்லவேணும்."

"என்ன திருத்தம்?"

"நான் ஒரு கோட்டை அழிச்சிட்டன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கோடு? காணிக் கோடோ?"

"இல்லை. பனிக்கு அடியில இருக்கிற ஒரு—"

"ஐயாவுக்கு எத்தினை வயசு?"

"எழுபத்து மூண்டு. வாற மார்ச் 3ஆம் திகதி எழுபத்து நாலு."

"வீட்டில அம்மா நிக்கிறாவோ? அடுத்தமுறை அவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." விண்ணப்பத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார்.

பாஸ் கிடைத்திருந்தாலும் படத்தாளைக் கொண்டுபோயிருக்க முடியாது. பறப்புக்கோடுகள் போட்ட, எண்கள் நிறைந்த படம் ஒன்றோடு பிடிபடும் கிழவன் இந்தப் பக்கத்திலும் உளவாளி, அந்தப் பக்கத்திலும் உளவாளி. அதில் இருப்பது பனிக்கண்டம் என்று யாருக்குச் சொல்லி நம்பவைப்பது?

மிஞ்சியது தொலைபேசி. கிளிநொச்சியில் முத்துராஜாவின் கடையில் சில நாட்களில் இணைப்புக் கிடைக்கும். மலையகத்தில் இருந்து ஒரு கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பி, நாலாம் தடவை, டிசம்பர் 5, புதன்கிழமை, பத்தரை மணிக்கு இணைப்புக் கிடைத்தது. நான் நாலு பக்கத்தில் ஒழுங்காக எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"அத்தான்?" என்றாய். குரல் கிணற்றடியில் இருந்து வருவதுபோல் இருந்தது.

"பரமேஸ், நான் ஒழுங்காச் சொல்லுறன். குறுக்கால கதையாதை. 2004ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆம் திகதி வியாழக்கிழமை—"

"அக்கா எப்பிடி அத்தான்?"

"அக்கா சுகம். 15ஆம் திகதி வியாழக்கிழமை நாங்கள் மேசையில—"

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் முடியும்வரை நான் காத்திருந்தேன். "சரி, சொல்லுங்கோ அத்தான். கேக்கிறன்" என்றாய்.

முதலாம் பக்கம் தளக் கருவி. இரண்டாம் பக்கம் புயலின் நேரங்கள். மூன்றாம் பக்கத்தில் பறப்பு எண்ணையும், கோடுகள் வெட்டும் இடங்களின் அளவீடுகளையும் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். நான்காம் பக்கத்தில்தான் முடிவு. உன் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாம் பக்கத்தின் பாதியில் முத்துராஜாவின் விரல் வந்து தொலைபேசியை அமர்த்தியது.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. நம்பரு வாசிக்காதீங்க. இந்த லைன ரெண்டு பக்கமும் கேக்கிறாங்க. விமானம்னீங்க, பறப்புன்னீங்க, இப்ப வரிசையா நம்பரு. நாளைக்கு என் கடையும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன்."

"இது அந்தாட்டிக்கா, முத்துராஜா. அங்க ஆக்களே இல்லை."

"கேக்கிறவனுக்கு அது எங்க இருக்குன்னு தெரியுமா ஐயா?"

நாலு தாளையும் மடித்தேன். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நாலு பிள்ளைகள். ஆனால் அதன் பிறகு என்னைக் கண்டாலே இணைப்பு இல்லை என்று தலையாட்டினார்.

2008 பெப்ரவரி 9, சனிக்கிழமை, நீ போனாய். செய்தி எங்களுக்கு 27ஆம் திகதி, புதன்கிழமைதான் வந்தது. உன் முப்பத்தோராம் நாள் மார்ச் 10 என்று நான் எண்ணிச் சொன்னேன். அக்கா அன்றைக்கு உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் படைத்தார். சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்டைக்குப் போனில அவன் வேற ஒண்டும் கேக்கேல்லையோ?"

"உன்னைக் கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"சுகம் எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானோ?"

அவ்வளவுதான், மச்சான்.

2008 செப்ரெம்பர் 9, செவ்வாய்க்கிழமை, அக்கராயனை விட்டு வெளிக்கிட்டோம். படத்தாளைப் பொலித்தீனில் சுற்றித் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன். ஏழு மாதத்தில் பத்து இடம். ஒவ்வொரு இடத்திலும் பங்கர் வெட்டவேண்டும்; ஒவ்வொரு பங்கரும் முந்தியதைவிடச் சின்னது, ஒவ்வொரு நிலமும் கடலுக்கு இன்னும் கிட்ட. கடைசியில் மாத்தளன் கடற்கரை மணல். ஏப்ரலில் அங்கிருந்து இராணுவத்தின் பக்கம் வெளிக்கிடவேண்டிய காலை, அக்கா தலையணையைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்தார்.

"படத்தோட போறதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ. கேட்டால் உங்கட மனிசி எண்டு சொல்லமாட்டன்."

"இது பரமேஸின்ர வேலை."

"அதுதான் சொல்லுறன். அவன்ர வேலையைக் காட்டி அவன்ர அக்காவைக் கொல்லவோ போறியள்?"

நான் பங்கருக்குள் இறங்கித் தாளை விரித்து வைத்து, மேலே மணலைத் தள்ளி மூடினேன். விரித்துத்தான் வைத்தேன். சுருட்டி வைக்க மனம் வரவில்லை.

இனி என்னிடம் தாளும் இல்லை, பதிவேடும் இல்லை. 1961 முதல் எழுதிய நாட்குறிப்புகளும் இல்லை. மேலே எழுதிய திகதிகள் எல்லாம் தலைக்குள் இருந்து எடுத்தவை. இந்தக் கடிதத்தைத் திறந்து வாசிக்கப்போகும் உத்தியோகத்தரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: இதில் வரும் கோடு இந்த நாட்டில் எங்குமே இல்லை. வெட்டவேண்டியிருந்தால் வேறெதையும் வெட்டுங்கள்; இனி வரும் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்த இடம்வரை எழுதி அக்காவிடம் கொடுத்தேன். கொட்டிலுக்கு வெளியே வெளிச்சத்தில் இருந்து, கால் உடைந்த கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"திகதியெல்லாம் சரியாத்தான் இருக்கும். அவன் சொன்னது சரியெண்டு எங்க எழுதியிருக்கிறியள்?"

"அதைத்தானே முழுக்க எழுதியிருக்கிறன்."

"இல்லை. உங்கட பிழையைப்பற்றித்தான் முழுக்க எழுதியிருக்கிறியள். அது வேற."

கடிதத்தை வாங்கித் திரும்ப வாசித்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த வசனம் இதில் எங்கேயும் இல்லை. அன்றைக்குத் தொலைபேசியிலும் இருக்கவில்லை. நாலாம் பக்கத்தில்கூட, 'நடுக் குறுக்குக் கோடு ஏற்றுக்கொள்ளத்தக்கது' என்றுதான் எழுதியிருந்தேன். இப்போது யோசித்தால் இன்னொன்றும் விளங்குகிறது. நான் வாசித்த எண்கள் ஒன்றும் உனக்குத் தேவையில்லை. எல்லாம் உன் கணினியிலேயே இருந்தன. நீ கேட்கவேண்டியிருந்தது ஒரு மூச்சில் சொல்லக்கூடிய ஒன்றை. நீ இருமி முடிக்கும்வரை நான் காத்திருந்த நேரத்தில் அதைச் சொல்லி முடித்திருக்கலாம். முத்துராஜா மறித்திருக்கமாட்டார். எந்தப் பக்கத்தில் யார் ஒட்டுக்கேட்டிருந்தாலும், ஒரு கிழவன் மைத்துனனிடம் தோல்வியை ஒப்புக்கொள்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பரமேஸ், நீ சொன்னது சரி. அந்த மலை அங்கே இருக்கிறது.

துளசி, பிள்ளை, அப்பாவோடு வேலைசெய்தவர்களிடம் இதைச் சொல்லு: டிசம்பர் 14 என்று தலையிட்ட பறப்பில் நள்ளிரவுக்குப் பிறகு பறந்த குறுக்குக் கோட்டைத் திரும்பச் சேர்க்கட்டும். நாற்பத்தொன்றைப் பறந்தபடியே விடட்டும். பள்ளம் இரண்டு. அதை முதலில் கண்டவர் உன் அப்பா, அழித்தவர் மாமா. இரண்டையும் அந்தப் படத்தின் அடியில் எழுதச் சொல்லு.

மச்சான், இந்தக் கடிதம் வேலியைத் தாண்டிப் போகுமோ என்று எனக்குத் தெரியாது. போகாவிட்டால் அடுத்த மாதம் 9ஆம் திகதி திரும்ப எழுதுவேன். அதுவும் போகாவிட்டால் அதற்கு அடுத்த 9ஆம் திகதியும். சேர்த்தாயிற்று என்று துளசியின் கையெழுத்தில் பதில் வரும்வரை விடமாட்டேன். இனி எழுதும் ஒவ்வொன்றிலும் முதலாவது வசனம் நீ சொன்னது சரி என்பதாகவே இருக்கும். திகதியை அதற்குக் கீழே போடுவேன்.

உன் அக்காவின் கைபிடித்தவன்,
உன் அத்தான்
நாகலிங்கம்